ஐந்து என்று யாரும் போடுவதில்லை

மருத்துவமனையில் இருந்த பதினெட்டு நாட்களில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "வலி எத்தனை?" என்பதுதான். எங்கே வலிக்கிறது என்றுகூட அத்தனை முறை யாரும் கேட்கவில்லை. படுக்கையின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், எண்களுக்கு மேலே முகங்கள். பூஜ்யம் சிரிக்கும், பத்து அழும். சிஸ்டர் அட்டையைக் காட்டிக் கேட்பார். நாம் சொல்லும் எண்ணை வைத்து ஊசியா மாத்திரையா என்று முடிவாகும். சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லிவிடும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் வந்ததைத்தான் எழுதுகிறேன். இப்போது விழுப்புரத்தில், அதே பெரிய அரசு மருத்துவமனையில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே அம்மாவின் பக்கத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள். எழுத நேரம் இருக்கிறது.

என் பெயர் கலைவாணி. வயது பத்தொன்பது. நான் நடைப்போட்டிக்காரி. ஓட்டம் இல்லை, நடை. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது, முன்னால் வைக்கும் காலின் முட்டி மடங்கக் கூடாது. மீறினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். இடுப்பை ஒடித்து ஒடித்துப் போவதால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஓமந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ரோட்டில் நான் பயிற்சி செய்யும்போது, பால் கேனோடு வண்டியில் போகிறவர்கள், "இன்னாம்மா, பஸ்ஸ உட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பிளஸ் டூ படிக்கும்போது மாநில அளவில் ஒரு பதக்கம் வாங்கினேன். அதனால் விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. விழுப்புரத்தில் விடுதி, கல்லூரி, சாப்பாடு, ஷூ எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. கூடவே ஆதரவுக் குழு என்று ஒன்று உண்டு. தசைப்பிடிப்பைப் பார்க்க ஒரு பிசியோ, சாப்பாட்டைப் பார்க்கச் சென்னையிலிருந்து நிவேதா மேடம், மாதம் ஒரு முறை போனில் மனசைப் பார்க்க இன்னொருவர். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அம்மா களை எடுக்கப் போய்விடுவார். அந்த வீட்டிலிருந்து வந்தவளைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் என்றால் நம்பவே முடியவில்லை. கிடைத்த நாளிலிருந்தே இதை இழந்துவிடுவோமோ என்ற பயமும் கூடவே வந்துவிட்டது.

இந்த மூன்று பேரும் எங்களைப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு படிவத்தின் வழியாகத்தான். தினமும் காலையில் பயிற்சிக்கு முன்னால் போனில் நிரப்ப வேண்டும். தூக்கம் எத்தனை, சோர்வு எத்தனை, வலி எத்தனை, மனநிலை எத்தனை. எல்லாம் பத்துக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பிள்ளைகளிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் என்ன நினைப்போம்? மார்க் என்றுதான் நினைத்தோம். விடுதியில் அதற்குப் பெயரே மார்க்தான். "மார்க் போட்டியாடி?" என்று கேட்டுக்கொண்டேதான் ஷூ கட்டுவோம். தூக்கத்துக்கு ஒன்பது, மனநிலைக்கு ஒன்பது, வலிக்கு ஒன்று. ரொம்ப நேர்மையான நாளில் வலிக்கு மூன்று. ஐந்து போட்டால் சிவப்பாகிவிடும், கோச் சாருக்குத் தகவல் போகும், பயிற்சியிலிருந்து நிறுத்துவார்கள், இரண்டு வாரம் நின்றால் முகாம் பட்டியலில் பெயர் இருக்காது, அப்புறம் உதவித்தொகையும் போகும் என்று எங்களுக்கு முன்னால் இருந்த அக்காக்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அது உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஐந்து என்று யாரும் போடுவதில்லை, நானும் போட்டதில்லை.

மாதக் கடைசியில் பெண்களுக்கு மட்டும் இன்னொரு கேள்வி வரும். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி? இரண்டாம் ஆண்டில் எனக்கு அது நின்றுபோனது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று நானாகவே முடிவு கட்டி, முதலில் முட்டையின் மஞ்சள் கருவை, பிறகு முட்டையையே, பிறகு இரவுச் சப்பாத்தியை, குண்டு எறியும் பிள்ளைகளின் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டார்கள். அம்மா வேர்க்கடலையில் பிடித்து அனுப்பும் மல்லாட்டை உருண்டையும் அங்கேதான் போனது. வேகம் கொஞ்சம் கூடவும் செய்தது. மாதவிலக்கு வராதது எனக்குக் கவலையாகவே இல்லை, ஒரு தொல்லை விட்டது என்றிருந்தது. படிவத்தில் மட்டும் ஏதாவது தேதி போட்டாக வேண்டும். என் அறையில் இருந்தவள் ஸ்டெல்லா, முகையூர்க்காரி, ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். அவள் கட்டிலுக்கு மேலே மாதா படம் போட்ட காலண்டர் ஒன்று மாட்டியிருந்தாள். அதில் மாதம் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் இருக்கும். நான் கேட்கக்கூட வேண்டியதில்லை. பார்த்து எழுதிவிடுவேன். பதினோரு மாதம் இப்படியே போனது.

வலி இடது தொடை இடுக்கில் தொடங்கியது. விரல் வைத்து இங்கே என்று காட்ட முடியாத, உள்ளே இருக்கிற வலி. நடக்க நடக்கக் கூடும், உட்கார்ந்தால் போய்விடும். தசை இழுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். படிவத்தில் இரண்டு போட்டேன். மூன்றாவது வாரத்தில் விடுமுறைக்காக ஊருக்குப் புறப்பட்டேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் படியிலிருந்து இடது காலை ஊன்றி இறங்கியபோது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் இறங்கியவர் முதுகுப் பையைப் பிடித்திழுத்து என்னை நிறுத்தினார். எனக்காகக் காத்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். ஊர் பஸ்ஸுக்குப் போகாமல் நேராக அங்கேயே ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. இந்த மாதிரி மயிரிழை விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"வலி எவ்ளோம்மா? பத்துக்கு எத்தனைன்னு சொல்லு."

"மூணு சார்," என்றேன்.

பழக்கம் அப்படி. மூணு என்று சொல்பவளுக்கு என்ன மருந்து கொடுப்பார்கள்? வலி மாத்திரை எழுதினார். ஓய்வெடுக்கச் சொன்னார். வலி கூடினால் உடனே வா, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்.

"மூணுன்னா இன்னாடி அர்த்தம்?"

"கொஞ்சமா வலிக்குதுன்னு அர்த்தம்."

"அப்புறம் ஏன் கட்டை விரல மடக்கிக்கினு இருந்த?"

எனக்கு வலித்தால் வலது கைக் கட்டை விரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கிக்கொள்வேனாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். அன்றுவரை எனக்கே அது தெரியாது.

இரண்டு நாள் மாத்திரை போட்டதில் வலி அடங்கியது. தேர்வுப் போட்டி பக்கத்தில் இருந்ததால், மூன்றாம் நாள் காலையில் அம்மா வேலைக்குப் போனதும் ஷூவைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். இரண்டாவது கிலோமீட்டரில் இடுப்புக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. காதில் கேட்டதா உடம்பில் கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. புளியமரத்தடியில் சரிந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது வரும்வரை என் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

விழுப்புரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எலும்பு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. பந்துக்கும் நீளமான தண்டுக்கும் நடுவில் ஒரு கழுத்து. எனக்கு அந்த எலும்பின் கழுத்தில்தான் விரிசல்.

"இது ஒரே நாள்ல உடைஞ்சது இல்லம்மா. கம்பிய வளைச்சு வளைச்சு நிமித்திக்கிட்டே இருந்தா ஒரு நாள் அத்துக்கும் பாரு, அந்த மாதிரி. இன்னும் வெலகல, அது உன் அதிர்ஷ்டம். வெலகிட்டா பந்துக்குப் போற ரத்தம் நின்னுடும். அப்புறம் இடுப்பையே மாத்த வேண்டி வரும். மூணு ஸ்க்ரூ போட்டு நிறுத்திடலாம்."

"மறுபடி நடப்பேனா சார்?"

"நடப்ப."

"போட்டியில?"

அவர் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "மொதல்ல எலும்பு கூடட்டும்," என்றார். 

சாயங்காலம் அறுவை சிகிச்சைக்கான விவரங்களை எழுத ஒரு பெண் பயிற்சி மருத்துவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். வயது, எடை, ஒவ்வாமை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசி பீரியட்ஸ் எப்போது என்றார். நான் யோசிக்கவே இல்லை. ஹால் டிக்கெட் எண்ணைச் சொல்வது போல, "போன மாசம் இருபத்தி ரெண்டு," என்றேன். ஸ்டெல்லாவின் தேதி.

போர்வையை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"யம்மா டாக்டரு, அது பொய்யி," என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "தீவாளிக்கு ஊட்டுக்கு வந்துச்சு, பொங்கலுக்கு வந்துச்சு, சித்திரையில பத்து நாள் எங்கூடதான் இருந்துச்சு. ஒரு தபாகூட எதுவும் இல்ல. நான் பாத்துக்கினுதான் இருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அட்டையில் அழுகிற முகத்தைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார், அறுவை சிகிச்சைக்கு முன்னால் எல்லாப் பெண்களுக்கும் எடுப்பதுதான் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். முடிவு வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். டாக்டர் வந்து, "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க," என்றதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்காக அம்மா என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது.

"நான் வேற என்னென்னமோ நெனச்சிக்கினு கெடந்தேன்டி," என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. வெட்கத்தில் வந்த கோபம். "என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டின்னா?"

 மதியமும் அம்மா சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு வாங்கி வந்த இட்லியில் இரண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். நின்றபடியே சாப்பிட்டார்.

மறுநாள் டாக்டர்கள் எனக்கு விளக்கினார்கள். இதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது. விஷயம் சின்னதுதான். செய்கிற வேலைக்குத் தேவையான சாப்பாடு இல்லை என்றால் உடம்பு ஒவ்வொரு செலவாக நிறுத்தும். குழந்தை பெறும் வேலைதான் உடனே தேவையில்லாதது என்று அதை முதலில் நிறுத்தும். மாதவிலக்கு நின்றால் எலும்பைக் காக்கிற ஹார்மோன் குறையும். எலும்பு தேயும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற ஸ்கேனில் என் இடுப்பெலும்பு ஒரு வயதான பெண்ணின் எலும்பு போல இருந்தது. தொல்லை விட்டது என்று நான் நினைத்தது உடம்பு அடித்த முதல் மணி.

வார்டில் என் பக்கத்துப் படுக்கையில் செஞ்சிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். எழுபது வயதிருக்கும். துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தவர். காலையில் டாக்டர் மாணவர்களோடு வரும்போது, எங்கள் படுக்கை எண்களைச் சுட்டி, "பன்னெண்டும் பதிமூணும் ஒரே இடம்," என்று சொல்லிக்கொண்டு போவார். அந்த அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"உனுக்கும் எனுக்கும் ஒரே எடத்துல ஒடைஞ்சிருக்காமே," என்பார். "நீ இன்னா, சோப்பு மேல கால் வெச்சியா?"

அறுவை சிகிச்சை நாலாம் நாள் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். துளை போடுகிற சத்தம் கேட்டது, வலி இல்லை. ஊரில் போர்வெல் போடும்போது பக்கத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மரப்பு விட்ட பிறகுதான் அசல் வலி வந்தது. சிஸ்டர் அட்டையோடு வந்தார்.

"எத்தனம்மா?"

"மூணு."

"சிஸ்டர், அது மூணு இல்லங்க," என்றார் அம்மா. "அதும் கையப் பாருங்க."

சிஸ்டர் என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரல் உள்ளே இருந்தது. போய் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எந்த சிஸ்டர் வந்தாலும் அட்டையை விட்டுவிட்டு என் கையைத்தான் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தாலும் வசதியாகவும் இருந்தது.

இதற்கு நடுவில் விடுதி அலுவலகத்திலிருந்து காப்பீட்டுப் படிவத்துக்காகப் போன் வந்தது. காயமா, நோயா, எதில் டிக் அடிப்பது என்று கேட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன், இரண்டும்தான் என்றார். இரண்டிலும் அடித்தால் கம்ப்யூட்டர் ஏற்காதாம். காயம் என்றே போடச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

எட்டாம் நாள் நிவேதா மேடம் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தார். இரண்டு வருடமாகப் போனில் பேசியவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். குள்ளமாக இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் தேதியும் ஸ்டெல்லா தேதியும் ஒவ்வொரு மாசமும் ஒண்ணா இருந்துச்சு வாணி. நான் பார்த்தேன். ஒரே ரூம்ல இருக்கிற பொண்ணுங்களுக்கு ஒண்ணா வரும்னு சொல்வாங்க இல்ல, அதுதான்னு விட்டுட்டேன். அது உண்மையான்னுகூட நான் யோசிக்கல. தப்பு என்னோடதும்தான்."

நான் என் பயத்தைச் சொன்னேன். சிவப்பு, கோச், முகாம் பட்டியல், உதவித்தொகை.

"அஞ்சு போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். "பிசியோவுக்கும் எனக்கும் ஒரு மெசேஜ் வரும். நாங்க உனக்கு போன் பண்ணுவோம். எங்க வலிக்குதுன்னு கேப்போம். அவ்ளோதான். உதவித்தொகைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் வந்து மூணு வருஷம் ஆகுது, ஒரு தடவகூட மெசேஜ் வரல. எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"இத ஏன் மேடம் எங்ககிட்ட யாரும் சொல்லல?"

"படிவத்தோட முதல் பக்கத்துலயே இருக்கே."

இருந்தது. போனில் திறந்து காட்டினார். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், ஏழு பத்தி. ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தை அழுத்திவிட்டுக் கீழே போகிற பக்கம் அது. எனக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. இல்லாத ஒன்றுக்குப் பயந்து என் எலும்பை நானே அறுத்திருக்கிறேன். மேடமும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறு மாதம் மருத்துவ ஓய்வு, அதுவரை உதவித்தொகை தொடரும், பிறகு தகுதித் தேர்வு என்று சொல்லிவிட்டு நாலு மணி ரயிலுக்குப் போனார்.

பத்தாம் நாள் ஸ்டெல்லா வந்தாள். பயிற்சி உடையோடு, கையில் சாத்துக்குடிப் பையோடு. குண்டு எறியும் பிள்ளைகள் என் முட்டையை நினைத்து வருத்தப்படுவதாகச் சொன்னாள். சிரித்தோம். அம்மா வெந்நீர் பிடிக்கப் போன நேரத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "இனிமே உன் காலண்டரு எனுக்கு வேணாம்டி," என்றேன்.

ஸ்டெல்லா சாத்துக்குடித் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் யாரப் பாத்து எழுதுனேன்னு நீ கேக்கவே இல்லியே," என்றாள்.

எனக்குப் புரியச் சற்று நேரமானது. அவளுக்கும் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இருபத்தெட்டு நாள் எண்ணி எண்ணி வட்டம் போட்டிருக்கிறாள். நான் பார்த்து எழுதுவது தெரிந்ததும், நம் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தால் நம்புவார்கள் என்று பெரிதாக வட்டம் போட்டிருக்கிறாள்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"முழங்காலுக்குக் கீழ. காலையில மட்டும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் மூணு வாரத்துல செலக்சன்டி. அத ஓடிட்டு நானே மேடத்துகிட்ட சொல்லிடுறேன். நீ சொல்லிடாத. மாதா சத்தியமா."

சரி என்றேன்.

மூன்று நாள் அந்தச் சரியை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பதிமூன்றாம் நாள் மருத்துவமனை பிசியோ என்னை வாக்கரோடு எழுப்பி நிறுத்தினார். இடது கால் தரையில் படக் கூடாது என்றார். கால் தரையிலேயே இருக்க வேண்டும் என்று ஏழு வருடம் பழகியவள் நான். வார்டின் கதவு வரை போக இருபது நிமிடம் ஆனது. வழியில் பக்கத்துப் படுக்கை அம்மா தன் வாக்கரோடு என்னைத் தாண்டிப் போனார், போகிற போக்கில், "வாடியம்மா, ஜல்தி," என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஸ்டெல்லா இந்த வாக்கரைப் பிடித்திருப்பது போல் தோன்றியது. அவள் எலும்பு கழுத்தில் விரிசல் விட்டு, விலகியும் போய், பத்தொன்பது வயதில் இடுப்பை மாற்றிக்கொண்டு. படுக்கைக்குத் திரும்பியதும் நிவேதா மேடத்துக்குப் போன் செய்தேன்.

ஸ்டெல்லாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கணுக்காலுக்கு மேலே, தொடக்க நிலை விரிசல். ஸ்க்ரூ வேண்டாம், எட்டு வாரம் ஓட்டம் நிறுத்தினால் போதும் என்றார்கள். தேர்வுப் போட்டிக்குப் போக முடியவில்லை. உதவித்தொகை போகவில்லை. அவளிடமிருந்து எனக்கு ஒரே ஒரு செய்தி வந்தது. "நீ படுத்துட்டன்னு என்னையும் படுக்க வெச்சிட்ட இல்ல." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் அனுப்பியதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது.

ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா பாதி நாள் வேலைக்குப் போவதில்லை. கேப்பைக் கூழ், மல்லாட்டை, முட்டை என்று நிவேதா மேடம் அனுப்பிய பட்டியலைக் கதவில் ஒட்டிவைத்து, படிக்கத் தெரியாவிட்டாலும் அதைப் பார்த்து என்னை மிரட்டுவார். கட்டட வேலைக்குச் சென்னை போயிருக்கும் அப்பா தினமும் போனில், "சாப்டியா?" என்று மட்டும் கேட்பார். போன மாதம் எனக்கு மாதவிலக்கு திரும்ப வந்தது. அம்மாவிடம் சொன்னேன். உள்ளே போனவர் மதியம் உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்து வைத்தார், நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி.

"இன்னாம்மா இது?"

"ரெண்டாவது தபா வயசுக்கு வந்திருக்க. துன்னு."

முழுதும் சாப்பிட்டேன். அந்த மாதப் படிவத்தில் என் தேதியை நானே எழுதினேன். படிவத்தின் முதல் பக்கம் இப்போது தமிழில் இருக்கிறது, மேடம் மாற்றியிருக்கிறார். ஏழு பத்தி மூன்று வரியாகியிருக்கிறது. ஐந்தோ அதற்கு மேலோ போட்டால் போன் வரும் என்பது அதில் முதல் வரி. ஸ்டெல்லாவும் அதைப் பார்த்திருப்பாள்.

இதுவரை எழுதியது மருத்துவமனையில். மீதியை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். என் டோக்கனுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தால்தான் இடது காலை ஊன்றலாம், ஊன்றினால்தான் மற்றதெல்லாம்.  கட்டை விரல் உள்ளே இருந்தது, இப்போது எனக்கே தெரிகிறது. அப்போது போன் அதிர்ந்தது. ஸ்டெல்லா. பெயரில்லை, வணக்கமில்லை, ஒரே ஓர் எண்தான் அனுப்பியிருந்தாள்.

"5."

இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். நாங்கள் இருவருமே ஒரு முறைகூட யாருக்கும் அந்த எண்ணைப் போட்டதில்லை. ஐந்து போட்டால் போன் வரும். நான் போன் செய்தேன். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"எங்கடி வலிக்குது?" என்று கேட்டேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். என் டோக்கன் எண்ணை உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு தானே எழுந்து போய், "செத்த இருங்க, வருது," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.